பேத்தி பெயரில் எழுதிவைக்கும் முன்: அமெரிக்காவில் மெடிகெய்டு பெறும் மாற்றுத்திறனாளிக்குப் பரம்பரைச் சொத்து வந்தால் எழும் கேள்விகள்

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், பெருமூளை வாதம் போன்ற நிலைகளுடன் வளர்ந்த பிள்ளைகள் பலர் எஸ்.எஸ்.ஐ. என்னும் மாத உதவித்தொகையும் மெடிகெய்டு என்னும் அரசு மருத்துவக் காப்பீடும் பெறுகிறார்கள். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டி, இங்கே இருக்கும் பெற்றோர், பிள்ளையில்லாத பெரியப்பா என்று யாராவது ஒருவர் அன்போடு சொத்து எழுதிவைக்கும்போது அந்த இரண்டும் ஆட்டம் காண்கின்றன. அந்தப் பெற்றோரும் அவர்களின் உறவினரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கையெழுத்துப் போடும் முன் உங்கள் மாநிலத்தில் இத்துறையில் பழகிய வக்கீலைப் பாருங்கள்.

பேத்தியால் சம்பாதிக்க முடியாது. அவள் பெயரில் இரண்டு ஏக்கர் எழுதிவைத்தால் அவளுக்குப் பாதுகாப்புதானே?

ஊரில் இருந்தால் பாதுகாப்பு. அமெரிக்காவில் எஸ்.எஸ்.ஐ. வாங்கும் பெண்ணுக்கு அதுவே ஆபத்து. எஸ்.எஸ்.ஐ. ஏழைகளுக்கான திட்டம். பெறுபவரிடம் கணக்கில் சேரும் சொத்து 2,000 டாலருக்கு மேல் இருக்கக்கூடாது. கணவன் மனைவி இருவரும் பெற்றால் 3,000. இந்த வரம்பு 1989-இல் இருந்து மாறவில்லை. விலைவாசி எங்கேயோ போய்விட்டது. வரம்பு மட்டும் அங்கேயே நிற்கிறது. இது நியாயமில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் நியாயமில்லாத விதியும் விதிதான்.

பெரும்பாலான மாநிலங்களில் எஸ்.எஸ்.ஐ. கிடைத்தால் மெடிகெய்டு கூடவே வரும். எஸ்.எஸ்.ஐ. போனால் மெடிகெய்டும் கேள்விக்குள்ளாகும். 2025-இல் எஸ்.எஸ்.ஐ.யின் கூட்டாட்சித் தொகை மாதம் அதிகபட்சம் 967 டாலராக இருந்தது. அந்தப் பணத்தை எப்படியாவது ஈடுகட்டிவிடலாம். மெடிகெய்டு தருவதை ஈடுகட்டுவது மிகக் கடினம். வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி உடை மாற்றிவிடும் உதவியாளர், பகல்நேரப் பராமரிப்பு மையம், பெற்றோருக்குப் பின் தங்குவதற்கான குழு இல்லம் ஆகியவற்றுக்கு வருடக்கணக்கில் பணம் கொடுப்பது பெரும்பாலும் மெடிகெய்டின் வெய்வர் என்னும் நீண்டகாலப் பராமரிப்புத் திட்டங்களே. தனியார் காப்பீடும், முதியோருக்கும் ஊனமுற்றோர் சிலருக்கும் மத்திய அரசு தரும் மெடிகேர் என்னும் காப்பீடும் அந்தச் செலவை ஏற்பதில்லை. பல மாநிலங்களில் வெய்வருக்கு வருடக்கணக்கில் காத்திருப்புப் பட்டியல் உண்டு. காத்திருந்து பெற்ற இடம் இரண்டு ஏக்கர் நிலத்தால் பறிபோனால், நிலத்தை விற்றுச் சாப்பிட்டு முடித்த பிறகும் அந்த இடம் உடனே திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

ஆகவே தாத்தா பாட்டிக்கு நான் சொல்வது ஒன்றுதான். பேத்திக்குக் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். அவள் பெயரில் மட்டும் எழுதாதீர்கள். எப்படி எழுதுவது என்பது கீழே வருகிறது.

எல்லா அரசு உதவிக்கும் இப்படிச் சொத்து வரம்பு உண்டா?

இல்லை. முதலில் உங்கள் பிள்ளை வாங்குவது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். பல வீடுகளில் "சோஷியல் செக்யூரிட்டிப் பணம்" என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் சொல்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

எஸ்.எஸ்.டி.ஐ. என்பது வேலை செய்து வரி கட்டியதன்பேரில் வருவது. அதற்குச் சொத்து வரம்பு கிடையாது. அதைப் பெறத் தொடங்கி 24 மாதம் கழித்து வரும் மெடிகேருக்கும் கிடையாது. கோடி ரூபாய் சொத்து வந்தாலும் இவ்விரண்டும் அசையா.

22 வயதுக்கு முன்பே ஊனமுற்ற, திருமணமாகாத பிள்ளைக்கு, தந்தையோ தாயோ ஓய்வு பெற்றால் அல்லது இறந்தால், அவர்களின் கணக்கின்பேரில் மாதத் தொகை கிடைக்கும். இதற்கும் சொத்து வரம்பு இல்லை. ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இந்தத் தொகை வந்ததால் எஸ்.எஸ்.ஐ. நின்றுபோனவருக்கு மெடிகெய்டைத் தொடர்ந்து தரும் பாதுகாப்பு விதி உண்டு. அந்தப் பாதுகாப்பு நீடிக்க, மற்ற எஸ்.எஸ்.ஐ. நிபந்தனைகளுக்கு அவர் இன்னும் உட்பட்டிருக்க வேண்டும். அதாவது 2,000 டாலர் வரம்பு அவரை விடுவதில்லை. "எங்களுக்குத்தான் எஸ்.எஸ்.ஐ. இல்லையே" என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோர் பலருக்கு இது தெரியாது.

மெடிகெய்டிலும் எல்லாப் பிரிவும் ஒன்றல்ல. வருமானத்தை மட்டும் பார்த்துப் பெரியவர்களுக்குத் தரும் பிரிவில் சொத்துக் கணக்கே கிடையாது. கலிபோர்னியாவின் மெடிகெய்டான மெடிகால் 2024-இல் சொத்து வரம்பை எடுத்துவிட்டு, 2026 ஜனவரியில் இருந்து தனி நபருக்கு 1,30,000 டாலர் என்று மீண்டும் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் அதே கலிபோர்னியாவில் எஸ்.எஸ்.ஐ.க்கு வரம்பு 2,000 டாலர்தான்.

2,000 டாலர் கணக்கில் எவை சேரும்? பாட்டி கொடுத்த நகை சேருமா?

குடியிருக்கும் சொந்த வீடு, ஒரு வாகனம், வீட்டுச் சாமான்கள் ஆகியவை சேரா. வங்கிப் பணம், பங்குகள், இரண்டாவது வீடு, ஊரில் உள்ள மனை, வயல் எல்லாம் சேரும். இந்தியாவில் இருக்கிறது, இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. வெளிநாட்டுச் சொத்தும் சொத்துதான். விண்ணப்பத்தில் பொய் சொன்னால் தண்டனைக்குரிய குற்றம் என்று எழுதித்தான் கையெழுத்து வாங்குகிறார்கள்.

நகை விஷயத்தில் விதி கொஞ்சம் மனிதத்தன்மையோடு இருக்கிறது. அணிந்துகொள்ளும் நகையும் குடும்ப நினைவாக வைத்திருக்கும் நகையும் சேரா. முதலீடாக வாங்கிவைத்த தங்க நாணயமும் தங்கக் கட்டியும் சேரும். பாட்டியின் இரட்டை வடம் பேத்தி கழுத்தில் இருக்கலாம். நகைக்கடையில் வாங்கிய எட்டு கிராம் காசுகளை அவள் பெயரில் லாக்கரில் அடுக்கிவைப்பது வேறு விஷயம்.

சொத்து வந்துவிட்டால் உடனே எல்லாம் நின்றுவிடுமா?

கைக்கு வரும் மாதத்தில் அது வருமானம். அடுத்த மாதம் முதல் தேதியில் மீதமிருப்பது சொத்து. மார்ச் 10-ஆம் தேதி 30,000 டாலர் வந்தால் மார்ச் மாத எஸ்.எஸ்.ஐ. கிடையாது. ஏப்ரல் 1 அன்று 2,000 டாலருக்கு மேல் இருந்தால் ஏப்ரலுக்கும் கிடையாது. தொடர்ந்து 12 மாதம் இப்படி நின்றால் கணக்கையே மூடிவிடுவார்கள். பிறகு புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

சிறிய தொகையென்றால் மாத முடிவுக்குள் பிள்ளைக்காகவே செலவழிப்பது முறையான வழி. பல் சிகிச்சை, சக்கர நாற்காலி ஏறும்படியான வண்டி, கணினி, பழைய கடன் என்று சரியான விலைக்கு வாங்கிய எதுவும் குற்றமல்ல. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். பணம் வந்த செய்தியை, அது வந்த மாதம் முடிந்து 10 நாளுக்குள், எஸ்.எஸ்.ஐ.யை நடத்தும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

சொத்தே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால்? சித்தப்பா விடுதலைப் பத்திரம் தயார் செய்துவிட்டார்.

நிறுத்துங்கள். நம் குடும்பங்களில் மிக எளிதாக நடப்பதும் மிகுந்த சேதம் செய்வதும் இதுவே. உரிமையை விலையின்றி விட்டுக்கொடுப்பதைச் சோஷியல் செக்யூரிட்டி "தானமாகக் கொடுத்தார்" என்றே கணக்கிடும். சொத்தின் மதிப்பைப் பொறுத்து 36 மாதம் வரை எஸ்.எஸ்.ஐ. கிடைக்காமல் போகலாம். நர்சிங் ஹோம், வெய்வர் போன்ற நீண்டகாலப் பராமரிப்புக்கு மெடிகெய்டு பொதுவாக 60 மாதம் பின்னோக்கிப் பார்க்கும். ஆக, சொத்தும் சித்தப்பாவுக்குப் போய்விடும், உதவியும் போய்விடும்.

பிள்ளை மைனராக இருந்தால் வேறு சிக்கலும் உண்டு. இந்து இளவர் காப்பாளர் சட்டத்தின்படி மைனரின் அசையாச் சொத்தை நீதிமன்ற அனுமதியில்லாமல் தந்தையோ தாயோ கைமாற்ற முடியாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் எப்படியோ பதிந்துவிட்டாலும், பிற்காலத்தில் அந்தப் பத்திரம் செல்லாது என்று வழக்கு வரலாம்.

நாங்கள் அமெரிக்காவில்தான் இருக்கிறோம். சென்னையில் ஒரு பிளாட் மட்டும் என் பெயரில் இருக்கிறது. உயில் எழுதவில்லை. அது எங்கள் மகனைப் பாதிக்குமா?

பாதிக்கும். இந்தியாவில் உள்ள அசையாச் சொத்துக்கு இந்திய வாரிசுச் சட்டமே பொருந்தும். இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் தாய் ஆகிய அனைவருக்கும் சம பங்கு. உங்களுக்கு மனைவி, ஒரு மகள், ஊனமுற்ற மகன், ஊரில் அம்மா என்றால் பிளாட்டில் நான்கில் ஒரு பங்கு அந்த மகனுடையது. யாரும் கொடுக்க வேண்டியதில்லை, சட்டமே கொடுத்துவிடுகிறது.

பழைய இந்துச் சட்டத்தில் நோயும் ஊனமும் வாரிசுரிமையைப் பறித்தன. 1956 சட்டத்தின் 28-ஆம் பிரிவு, நோயோ குறைபாடோ காரணமாக யாரும் வாரிசுரிமை இழக்கக்கூடாது என்று அதை ஒழித்தது. நல்ல சட்டம், வரவேற்க வேண்டிய சட்டம். அதே நல்ல சட்டம் கடல் தாண்டி எஸ்.எஸ்.ஐ. விதியோடு மோதும்போது உங்கள் மகன் நடுவில் மாட்டிக்கொள்கிறான். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு போக மீதி பிள்ளைகளுக்கு. முஸ்லிம் குடும்பங்களில் உயில் எழுதினாலும் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது என்பதால் அவர்கள் உயிரோடு இருக்கும்போதே திட்டமிட வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் அருமையான உயில் எழுதி, சென்னை பிளாட்டை மறந்துவிடுகிறவர்கள் நிறைய. இரண்டு நாட்டுச் சொத்துக்கும் இரண்டு உயில் எழுதலாம். ஆனால் பின்னது முன்னதை ரத்து செய்துவிடாதபடி இரு வக்கீல்களும் ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துப் பார்க்க வேண்டும். "எனது முந்தைய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்" என்ற வழக்கமான வரி போதும், எல்லாவற்றையும் கவிழ்க்க.

அப்பா ஏற்கெனவே இறந்துவிட்டார், உயில் இல்லை. தங்கையின் பங்கு என்ன ஆகும்?

முதலில், வாரிசுச் சான்றிதழில் அவள் பெயரை விட்டுவிட்டு வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வட்டாட்சியரிடம் பொய் வாக்குமூலம் கொடுப்பதாகும்.

பிறகு, அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கூட்டுச் சொத்தில் இன்னொரு பங்குதாரர் அதையே குடியிருப்பாகக் கொண்டிருந்து, விற்றால் அவர் தெருவுக்கு வருவார் என்றால், அதைக் கணக்கில் சேர்க்காமல் விட எஸ்.எஸ்.ஐ. விதி இடம் தருகிறது. அம்மாவும் பங்குதாரராகி அந்த வீட்டிலேயே வாழ்கிறார் என்றால் இதை எழுத்தில் காட்டுங்கள். காலி மனை, வாடகை வீடு போன்றவற்றை விற்க நியாயமாக முயன்றும் விற்கவில்லை என்றால் அதற்கும் விதிவிலக்குகள் உண்டு. விளம்பரம், தரகரின் கடிதம் போன்ற ஆதாரம் கேட்பார்கள். வாடகை வந்தால் அவள் பங்கு வாடகை அவள் வருமானம்.

விற்றுப் பணமானால் அதை அவளுக்கான ட்ரஸ்டில், அதாவது டிரஸ்டி என்னும் பொறுப்பாளர் அவள் நலனுக்காக வைத்து நிர்வகிக்கும் ஏற்பாட்டில், சேர்ப்பதே வழி.

ட்ரஸ்ட் எதற்கு? அவனுக்கும் சேர்த்து அண்ணன் பெயரில் எழுதிவிடுகிறோம். அவன் தம்பியைக் கைவிட மாட்டான்.

அவன் கைவிட மாட்டான் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் அண்ணன் பெயரில் இருக்கும் பணம் சட்டத்தின் கண்ணில் அண்ணனுடையது. அவன் விவாகரத்து செய்தால் பங்கு கேட்பார்கள். அவன் தொழிலில் நொடித்தால் கடன்காரர்கள் வருவார்கள். அவன் கார் விபத்தில் சிக்கி வழக்கு வந்தால் அந்தப் பணமும் அதில் போகும். அவன் தம்பிக்கு முன்பே இறந்தால் அது அவன் மனைவி மக்களுக்கு. இவற்றில் ஒன்றுகூட அவன் குணத்தைப் பற்றியதல்ல. "அண்ணன் பார்த்துக்கொள்வான்" என்பது நம் வீடுகளில் பத்திரத்துக்குப் பதிலாகப் புழங்கும் வாக்கியம். அண்ணனையே டிரஸ்டியாக நியமியுங்கள். அதே அன்புக்குச் சட்டப்படி ஒரு பாதுகாப்பும் கிடைக்கும்.

ஸ்பெஷல் நீட்ஸ் ட்ரஸ்டில் பல வகை என்கிறார்களே, எது எங்களுக்கு?

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பணம் ஒரு நொடியாவது பிள்ளையுடையதாக இருந்ததா?

இல்லை என்றால் மூன்றாம் தரப்பு ட்ரஸ்ட். பெற்றோரோ தாத்தாவோ தம் சொத்தை நேராக ட்ரஸ்டுக்கு எழுதுகிறார்கள். பிள்ளைக்கு அதைக் கேட்டு வாங்கும் உரிமை இல்லை. டிரஸ்டி தம் விருப்பப்படி அவன் நலனுக்குச் செலவிடுவார். அதனால் அது அவன் சொத்தாகாது. தொகைக்கு வரம்பில்லை, வயதுக்கு வரம்பில்லை. அவன் காலத்துக்குப் பின் மீதியைத் தங்கைக்கோ கோயிலுக்கோ நீங்கள் சொன்னபடி கொடுக்கலாம்; அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை, ஆனால் சொத்து கைமாறும் முன்பே செய்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே பிள்ளை பெயருக்கு வந்துவிட்டது என்றால் முதல் தரப்பு ட்ரஸ்ட். 1993-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதற்கு வழிவிட்டது. பயனாளி 65 வயதுக்குட்பட்டவராக இருக்க வேண்டும். பெற்றோர், தாத்தா பாட்டி, காப்பாளர், நீதிமன்றம் ஆகியோர் இதை ஏற்படுத்தலாம். ஊனமுற்றவர் தாமே ஏற்படுத்த 2016 டிசம்பர் வரை அனுமதியில்லை! அறிவுத்திறன் குன்றாத, உடல் ஊனம் மட்டுமே உள்ளவர்கூட அம்மாவைத் தேட வேண்டியிருந்தது. இப்போது அந்த அவமானம் நீங்கிவிட்டது. விலை என்னவென்றால், அவர் இறந்தபின் ட்ரஸ்டில் மிஞ்சியதிலிருந்து மெடிகெய்டு அவருக்காகச் செலவிட்டதை மாநில அரசு முதலில் எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, பொதுத்தொகுப்பு ட்ரஸ்ட். லாப நோக்கற்ற ஒரு நிறுவனம் பலருடைய பணத்தைத் தனித்தனிக் கணக்கில் வைத்து, சேர்த்து முதலீடு செய்து நிர்வகிக்கும். சிறு தொகைக்கும், டிரஸ்டியாக நம்பத்தக்க உறவினர் அருகில் இல்லாதவர்களுக்கும் ஏற்றது. உறவினர் அனைவரும் ஊரில் இருக்கும் குடும்பங்கள் இதை இன்னும் அதிகம் கவனிக்கலாம் என்பது என் எண்ணம்.

இவற்றைக் கலக்காதீர்கள். பிள்ளையின் சொந்தப் பணத்தை மூன்றாம் தரப்பு ட்ரஸ்டில் போட்டால் ட்ரஸ்ட் முழுவதும் சிக்கலில் மாட்டும்.

ஊரில் இருக்கும் என் பெற்றோர் உயிலில் என்ன எழுத வேண்டும்?

நீங்கள் இங்கே மூன்றாம் தரப்பு ட்ரஸ்டை உங்கள் வாழ்நாளிலேயே தொடங்கி வைத்திருந்தால் வேலை எளிது. மாமா, அத்தை, பாட்டி என்று யார் கொடுத்தாலும் அதே ட்ரஸ்டின் பெயருக்குக் கொடுக்கலாம்.

நிலத்தையோ வீட்டையோ அப்படியே அமெரிக்க ட்ரஸ்டுக்கு எழுதுவது நல்லதல்ல. வெளிநாட்டவர் இந்திய நிலம் வைத்திருப்பதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. விவசாய நிலத்துக்கு அவை கடுமையானவை. உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர் சொத்தை விற்று, வரும் பணத்தை ட்ரஸ்டுக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதுவதும், பேத்தியின் பங்கை உங்களுக்கே எழுதிவைத்து உங்கள் உயில் வழியே ட்ரஸ்டுக்குச் சேர்ப்பதும் நடைமுறையில் கையாளக்கூடிய வழிகள். இரண்டாவதில் நீங்கள் முறையாக உயில் எழுதியிருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

சொல்வதுதான் கடினம். பேத்தி பெயரை நீக்கச் சொன்னால் "அவளுக்கு ஒன்றுமில்லையா?" என்று பாட்டி அழுவார். தொலைபேசியில் சட்டம் பேசுவதைவிட, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்கு மாதாமாதம் அரசு என்னென்ன செய்கிறது என்று காட்டுங்கள். பட்டாவில் பெயர் ஏறினால் அவை எல்லாம் நிற்கும் என்பது பாட்டிக்குச் சட்டென்று புரியும். அவர் வாழ்நாள் முழுவதும் தாலுகா அலுவலகத்தைப் பார்த்தவர்.

உயில் இருந்தால் போதுமா? என் 401கே, ஆயுள் காப்பீடு எல்லாம்?

போதாது. 401கே, ஐ.ஆர்.ஏ. என்னும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குகளும் ஆயுள் காப்பீடும் உயிலைப் பார்ப்பதில்லை. அவற்றின் படிவத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே போகும். வேலையில் சேர்ந்த அன்று "இரு பிள்ளைகளுக்கும் பாதிப் பாதி" என்று எழுதிய படிவம், ஆயிரக்கணக்கில் செலவழித்து எழுதிய ட்ரஸ்டைத் தோற்கடித்துவிடும். இன்றே எடுத்துப் பாருங்கள். ட்ரஸ்டைப் பயனாளியாகப் போடும்போது அதன் வாசகம் ஓய்வூதியக் கணக்குக்கு ஏற்றபடி இருக்கிறதா என்று வக்கீலிடம் கேளுங்கள். பெரும்பாலான வாரிசுகள் 10 ஆண்டுக்குள் அந்தக் கணக்கைக் காலி செய்ய வேண்டும். ஊனமுற்றவருக்காகச் சரியாக எழுதப்பட்ட ட்ரஸ்டுக்கு அவர் ஆயுள் முழுவதும் பிரித்து எடுக்கும் சலுகை உண்டு.

பிள்ளை பெயரில் சிறு வயதில் தொடங்கிய கஸ்டோடியல் சேமிப்புக் கணக்கும் அப்படியே. வயது வந்ததும் அது முழுவதும் அவனுடையது.

ட்ரஸ்ட் பணத்தில் எதை வாங்கலாம்?

பிள்ளை கையில் ரொக்கமாகக் கொடுக்கக்கூடாது. டாலருக்கு டாலர் எஸ்.எஸ்.ஐ. குறையும். கடைக்கும் மருத்துவருக்கும் டிரஸ்டியே நேரடியாகக் கட்ட வேண்டும். தெரபி, கண்ணாடி, பல், ஐபேட், இணையம், கைபேசி, பாட்டு வகுப்பு, பயணம், நாற்காலி, மெத்தை என்று பட்டியல் நீளும்.

2024 செப்டம்பர் 30 முதல் ஒரு நல்ல மாற்றம். அதுவரை ட்ரஸ்ட் மளிகை வாங்கிக் கொடுத்தாலும் எஸ்.எஸ்.ஐ. குறைந்தது. இப்போது உணவுச் செலவு கணக்கில் இல்லை. வாடகை, வீட்டுக் கடன், சொத்து வரி, மின்சாரம், தண்ணீர் போன்ற உறைவிடச் செலவுகள் மட்டும் இன்னும் குறைக்கும். அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2025 கணக்கில் மாதம் 342 டாலர் சொச்சம். மாதம் 1,500 டாலர் வாடகையை ட்ரஸ்ட் கட்டி 342 டாலர் இழப்பது பல குடும்பங்களுக்கு லாபமே. குறையும் என்று சொன்னவுடனே பயந்து பின்வாங்காமல் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஏபிள் கணக்கு போதாதா? வக்கீல் செலவில்லையே.

சிறு தொகைக்குப் போதும். ஊனமுற்றவர் தம் பெயரிலேயே வைத்துக்கொள்ளும் சேமிப்புக் கணக்கு இது; 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. முன்பு 26 வயதுக்குமுன் ஊனம் தொடங்கியிருக்க வேண்டும். 2026 ஜனவரி முதல் 46 வயது. 2025-இல் ஆண்டுக்கு 19,000 டாலர்வரை போட முடிந்தது. கணக்கில் 1,00,000 டாலர் வரை எஸ்.எஸ்.ஐ. கண்டுகொள்ளாது. அதைத் தாண்டினால் எஸ்.எஸ்.ஐ. நிற்கும், மெடிகெய்டு நிற்காது. இதிலிருந்து வாடகை கட்டினால் எஸ்.எஸ்.ஐ. குறையாது என்பது பெரிய வசதி. ட்ரஸ்டிலிருந்து ஏபிளுக்கு மாற்றி அங்கிருந்து வாடகை கட்டுகிறவர்கள் உண்டு. பாட்டியின் பணம் 15,000 டாலர் அவன் பெயருக்கு வந்துவிட்டால், வந்த மாதத்து எஸ்.எஸ்.ஐ. போகும், அதே மாதத்துக்குள் ஏபிளில் போட்டுவிட்டால் அடுத்த மாதம் சிக்கலில்லை. அவன் இறந்தபின் ஏபிளில் மிஞ்சியதையும் மெடிகெய்டு கேட்கலாம். சில மாநிலங்கள் கேட்பதைக் கட்டுப்படுத்தியிருக்கின்றன.

இந்தியாவிலிருந்து பணம் வந்தால் வரி உண்டா?

இந்தியாவில் எஸ்டேட் வரி 1985-இல் ஒழிந்தது. வாரிசாகப் பெற்ற தொகைக்கு அமெரிக்கக் கூட்டாட்சி வருமான வரியும் இல்லை. படிவங்கள்தான் உண்டு. வெளிநாட்டவரிடமிருந்து ஆண்டில் 1,00,000 டாலருக்கு மேல் கொடையாகவோ வாரிசாகவோ வந்தால் 3520 என்ற படிவம். மறந்தால் தொகையில் 25 சதவீதம்வரை அபராதம். இந்திய வங்கிக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் தனி அறிவிப்பு. வாரிசுச் சொத்தை விற்ற பணத்தை, வெளிநாட்டில் வாழ்பவர் இந்திய வங்கியில் வைக்கும் என்.ஆர்.ஓ. கணக்கு வழியாக ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர்வரை வெளியே அனுப்பலாம். விற்பனை லாபத்துக்கு இந்தியாவில் வரிப் பிடித்தம் உண்டு.

பணம் வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. எஸ்.எஸ்.ஐ. வந்துகொண்டே இருக்கிறது.

அவர்களே கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். வரம்பை மீறி இருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்கள். மாதங்கள் கூடக்கூடத் தொகையும் கூடும். முதலில் வக்கீல், பிறகு அலுவலகம், இந்த வரிசையில் போங்கள். மீதமுள்ள பணத்தை முதல் தரப்பு ட்ரஸ்டிலோ ஏபிளிலோ முறையாகச் சேர்த்துவிட்டு, எழுத்து மூலம் வக்கீல் தெரிவிப்பார். திருப்பிக் கட்டுவதைத் தவணையாக்கலாம்; உங்கள்மேல் தவறில்லை, கட்டவும் வழியில்லை என்றால் தள்ளுபடி கேட்டும் மனுப் போடலாம். பணத்தை அவசரமாக அத்தை கணக்குக்கு மாற்றுவது மட்டும் வேண்டாம். தாமதம் என்ற ஒரு குற்றத்தோடு தானம் என்ற இன்னொன்றும் சேரும்.

பாட்டி காரியத்துக்கும் பாகப்பிரிவினைக்கும் மகளை ஊருக்கு அழைத்துப் போகிறோம். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

நாட்களைக் கவனியுங்கள். எஸ்.எஸ்.ஐ. பெறுபவர் ஒரு முழு நாட்காட்டி மாதமோ தொடர்ந்து 30 நாளோ அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் தொகை நிற்கும். திரும்பி வந்து 30 நாள் தொடர்ந்து இங்கே இருந்த பிறகே மீண்டும் தொடங்கும். பிப்ரவரியில் 28 நாள்தான் என்பதால், ஜனவரி கடைசியில் கிளம்பி மார்ச் முதல் வாரம் திரும்பும் பயணம் முழு மாதக் கணக்கில் சிக்கிவிடும். பதினாறாம் நாள் காரியம், சார்பதிவாளர் தேதி, திரும்பும் டிக்கெட் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். அங்கே யாராவது அவள் பெருவிரலை மைப்பெட்டியில் வைக்கச் சொன்னால், அமெரிக்க வக்கீலுக்குப் பத்திரத்தின் நகல் போய்ச் சேரும்வரை பொறுக்கச் சொல்லுங்கள்.